திருவலை தொடாத நாற்பத்தொரு நாள்

தென் திருவிதாங்கூரைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த வருஷம், எனக்கு வலது மணிக்கட்டில் வலி. தேங்காய் திருவித் திருவி வந்தது. அறுப்புக்கு வந்த ஆட்களையும் சேர்த்து எங்கள் வீட்டில் நாளுக்கு எட்டுத் தேங்காய். அத்தனையும் திருவ, திருவலையில் உட்காருவது நான் ஒருத்திதான். பெருவிரலை அசைத்தால் முழங்கை வரை சுண்டி இழுக்கும். ஆறு மாதப் பிள்ளையைத் தூக்க முடியவில்லை. அது என்னைப் பார்த்துக் கையை நீட்டும். மாமியார் வந்து தூக்கிக்கொண்டு போவார்.

"வீக்கத்தையே காணல்ல. கள்ள வலி" என்றார் மாமியார்.

பிறகு, பள்ளிக்கூட வாத்தியாரான என் வீட்டுக்காரர் ஒரு வாரம் பரீட்சைத் தாள் திருத்தினார். அவருக்கும் அதே இடத்தில் வலி. மறுநாளே மூவரும் நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

"உள்ளே தசைநார் வீங்கியிருக்கு. வெளியே தெரியாது. கைக்கு ஓய்வு கொடுத்தாப் போதும்" என்றார் டாக்டர். நானும் கையை நீட்டினேன். "இதுவும் அதுதான்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமியார் கேட்டார்: "தாளை நாளைக்குத் திருத்தலாம். கொழம்பை நாளைக்கு வைக்க முடியுமாட்டி?"

வீட்டுக்காரர் கை தலையணையில் ஏறியது. என் கை திருவலைக்குப் போனது.

அந்த வெள்ளிக்கிழமை மகனுக்காக மண்டைக்காட்டு அம்மனுக்கு மரத்தில் செய்த கை ஒன்றைச் செலுத்தினார் மாமியார். "நீயும் எதாவது நேந்துக்கோட்டி" என்றார்.

"அவிய கை சொகமாகட்டு. நாப்பத்தொரு நாளைக்கு நான் தேங்கா தொட மாட்டேன்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண்கள் மெச்சினார்கள். புருஷனுக்கான நேர்ச்சை, மாமியாரால் தடுக்க முடியவில்லை.

தேங்காய் அரைக்காத குழம்பு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இறங்காது. மாமியாரே திருவலையில் உட்கார்ந்தார்.

இருபதாம் நாள் பிள்ளையை வலது கையால் தூக்கினேன். வலிக்கவில்லை. நம்பாமல் இறக்கிவிட்டு மறுபடியும் தூக்கினேன். அன்று முழுக்க இறக்கவே இல்லை.

முப்பதாம் நாள் மாமியார் பாதித் தேங்காயோடு எழுந்து வந்து, மணிக்கட்டை என் முன்னால் நீட்டினார்.

"ஏட்டி, ஒனக்கும் இந்த எடத்துலதான் வலிச்சுதா?"

பிடித்துப் பார்த்தேன். வீக்கத்தைக் காணவில்லை. அதைச் சொல்ல நாக்கு துடித்தது. பிள்ளை என் இடுப்பில் இருந்தது.

"ஆமா அத்தை" என்றேன்.

நேர்ச்சை முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.