எங்கள் வீட்டுக் கண்புரை

எங்கள் குடும்பத்தில் குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணைத்தான் பார்ப்பார்கள். கருவிழியின் நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் புரை. அப்பாவுக்கு இருந்தது, அக்காவுக்கும் எனக்கும் இருந்தது, அக்கா மகனுக்கும் இருந்தது. மற்ற வீடுகளில் வயதான பிறகு வருவது எங்கள் வீட்டில் கூடவே பிறந்துவிடும். பிறக்கும்போது இல்லாமல் பிறகு வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே என் இரண்டு கண்ணிலும் லென்ஸை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த சோடாபுட்டிக் கண்ணாடிதான். எங்கள் பேட்டை லிங்கராஜபுரத்தில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, கண்ணாடியைத் தெரியும்.

மனைவி உண்டானபோது எங்கள் கண் டாக்டரிடம் போனோம். கன்னடக்கார அம்மா, எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். குழந்தைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். வயிற்றில் இருக்கும்போதே சோதிக்கலாமா என்று நான் கேட்டதற்கு, “எதுவா இருந்தாலும் பெத்துக்கத்தான போறேன், அப்புறம் எதுக்கு?” என்று மனைவி முடித்துவிட்டாள். அவள் அப்படித்தான். பயப்படும் வேலையை எனக்கு விட்டுவிடுவாள்.

பயந்தவன் சும்மா இருப்பானா? டாக்டரை நச்சரித்து, நாலு இடத்தில் படித்து, என் கண்ணில் இல்லாமல் போன அந்தச் சின்ன உருண்டையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். தெரியத் தெரிய பயம் கொஞ்சம் ஒதுங்கி, வாயைப் பிளக்க ஆரம்பித்தேன்.

லென்ஸுக்குள் ரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. இருந்தால் வெளிச்சத்தை மறைக்குமே. உள்ளே இருக்கும் செல்களோ அதற்கும் மேலே போகின்றன. வெளிச்சத்துக்கு வழிவிடுவதற்காகத் தங்கள் உட்கருவையே கரைத்துக்கொள்கின்றன. உடைந்ததைப் புதுப்பிக்கும் வசதி அத்தோடு போச்சு. அப்படியும் சாவதில்லை. தாயின் வயிற்றில் உருவான செல், எண்பது வயதிலும் அதே இடத்தில் தெளிவாக உட்கார்ந்திருக்கும்.

எப்படிப் பிழைக்கிறது? பக்கத்து வீட்டை நம்பித்தான். ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. பாதி வாசலை இந்த செல் கட்டும், மீதியை அந்த செல் கட்டும், இரண்டும் பொருந்தினால்தான் திறக்கும். வெளி ஓரத்தில் இருக்கும் செல்கள் உணவையும் உப்பையும் உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்றும் சத்தையும் அந்த வாசல் வழியாகக் கைமாற்றிக் கைமாற்றி நடு மையம்வரை சேர்த்துவிடும். தேங்கக் கூடாதது வெளியே வந்துவிடும். எங்கள் தெருவில் குழாயடியில் நடக்கும் கூத்தைத் தினம் பார்ப்பவன் நான். ஒரு சண்டை இல்லாமல் இத்தனை செல்கள் ஆயுள் முழுக்கப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை ஜீரணிக்கவே எனக்கு நாளாயிற்று.

எங்கள் வீட்டில் அந்த வாசலைக் கட்டச் சொல்லும் மரபணுவில்தான் ஒரு எழுத்துப் பிழை. வாசல் சரியாகத் திறக்காது. உள்ளே இருப்பவை பட்டினி கிடந்து வெளுத்துப்போகும்.

மகள் ஒரு காலை வேளையில் பிறந்தாள். அக்கா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு முந்தின நாளிலிருந்தே ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். கண் பார்க்கும் வேலை எங்கள் வீட்டில் அவளுடையது. குழந்தையை வாங்கி ஜன்னலோரம் போனாள். வீங்கிய இமைகள் திறக்கவில்லை. விரலால் மெல்லப் பிரித்து, போனில் டார்ச்சைப் போட்டாள். பார்த்தாள். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டுக் குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

“வெள்ளையா இருக்குடா,” என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு இன்ன ஆள் என்று கிடையாது. அக்கா மேல் வந்தது, அப்பா மேல் வந்தது, பார்க்க வந்து கதவோரம் உச்சுக்கொட்டிய சொந்தக்காரர்கள் மேலும் வந்தது. எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். மனைவி மட்டும், “டாக்டர் வரட்டும்,” என்று சொல்லிக் குழந்தைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.

டாக்டர் மத்தியானம் வந்தார். வந்ததும் திரைச்சீலையை இழுத்து மூடி, டியூப்லைட்டை அணைக்கச் சொன்னார். “சொல்ப பொறுங்க, அவளே கண்ணைத் திறப்பா,” என்றார். நாங்கள் இருட்டில் நின்றோம். வெளிச்சம் போனதும் மகள் நிதானமாகக் கண் திறந்தாள். டாக்டர் சின்ன விளக்கு வைத்த கருவியைத் தன் கண்ணருகே வைத்து, ஒரு கண்ணைப் பார்த்தார். அடுத்த கண்ணைப் பார்த்தார். மறுபடி முதல் கண்ணுக்கு வந்தார். நான் ஜெபம் செய்யக்கூட மறந்து நின்றேன்.

“கிளியரா இருக்கு. ரெண்டும்,” என்றார்.

அக்கா பார்த்தது கண்ணின் மேல் பட்டுத் திரும்பிய டார்ச் வெளிச்சம். வேறு யாராக இருந்தாலும் மினுக்கு என்று விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டு ஆள் என்பதால் அவளுக்கு அது புரையாகத் தெரிந்திருக்கிறது.

டாக்டர் கருவியை என்னிடம் கொடுத்தார். கண்ணாடியோடு தடுமாறிப் பார்த்தேன். மகளின் கண்மணி செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. உள்ளே போன வெளிச்சம் எங்கும் இடறாமல் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தால்தான் அந்த நிறம் தெரியும் என்றார். அப்படியென்றால் வாசல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. அடுத்த கண்ணையும் பார்த்தேன்.

அக்கா தள்ளியே நின்றிருந்தாள். கோபித்துக்கொண்டாளோ என்று கருவியை அவளிடம் நீட்டினேன். வாங்கிக் குனிந்தாள். அவள் நிமிரும் வழியாகத் தெரியவில்லை. டாக்டரும் அவசரப்படுத்தவில்லை.

“இது இப்படித்தான் இருக்குமா, மேடம்?” என்று குனிந்தபடியே கேட்டாள். “என் பையன் கண்ணை எத்தனையோ தடவை பாத்தேன். இந்தக் கலரை நான் பாத்ததே இல்லை.”