இடியை நம்பி வைத்த தீ

சித்திரை மாதத்து இடியைப் போல வீண் சங்கதி எதையும் நான் பார்த்ததில்லை. சத்தம் மலையையே உலுக்கும். தண்ணீர் ஒரு சொட்டு இருக்காது. பின்னாலேயே காற்று வரும். புழுதியைக் கிளப்பும், துணியைக் கொடியிலிருந்து பிடுங்கிப் போடும், போய்விடும்.

எங்கள் ஊர் சித்தேரி மலை மேல் இருக்கிறது. உங்களுக்கென்ன, குளுகுளுவென்று இருக்கிறீர்கள் என்று கீழ்நாட்டுக்காரர்கள் சொல்வார்கள். அது எந்தக் காலமோ. இப்போது மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார முடியாது. இங்கேயும் ஃபேன் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். கரண்ட் இருக்கும்போது அது சூட்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தள்ளும்.

வெயிலில் சரிவு முழுக்கப் புல் காய்ந்து நிற்கும். அந்தப் பழம்புல்லை மாடு தின்னாது. கொளுத்திவிட்டால், மழை விழுந்ததும் சாம்பலுக்குள்ளிருந்து இளம்புல் வரும். அதில் தப்பில்லை. எப்போது கொளுத்துகிறார்கள் என்பதில்தான் எங்கள் ஆட்களின் புத்தி தெரியும். மழைக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தால் மழையே அணைத்துவிடும், ஆள் நிற்க வேண்டியதில்லை என்பது கணக்கு. மழை வருவது எப்படித் தெரியும்? இடி கேட்கும். இடி கேட்டால் தீப்பெட்டியை எடுப்பார்கள். காவல் நிற்கச் சோம்பல்பட்டு வானத்தைக் காவலுக்கு வைக்கிற கூட்டம்.

போன வருஷம் வைத்தவன் என் கொழுந்தன். என் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அவருடைய தம்பி இவன். ஊரில் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்கிறவன்.

அன்றைக்கு என் செவலை மாடு கன்று போட வேண்டிய நாள். தலையீத்து, அதற்கு முதல் கன்று. கன்றுக்குட்டியிலிருந்து நான் வளர்த்தது. வேறு மாடு எனக்கு இல்லை. மாட்டுக் கொட்டாய் சரிவின் ஓரத்தில் இருக்கிறது. மேலே புல் வேய்ந்த கூரை. காலையிலிருந்து படுப்பதும் எழுவதுமாக இருந்த மாடு, மத்தியானத்துக்கு மேல் படுத்தது எழவில்லை. பனிக்குடம் உடைந்து கன்றின் கால் நுனி தெரிந்தது. அதற்கு மேல் வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இடி உருண்டது. உடனே கீழேயிருந்து கொழுந்தன் குரல் வந்தது.

"அண்ணி! மானம் கருக்குது பாத்தீங்களா? இன்னிக்கு ஊத்தப் போவுது!"

"மாடு கன்னு போடுது. தீ கீ வெச்சிராத."

"வெச்சாச்சுங்க அண்ணி."

"அப்பிடீன்னா அங்கயே நில்லு."

"நான் எதுக்கு நிக்கறது? அதான் மழ வருதுல்ல."

மழை வரவில்லை. காற்றுதான் வந்தது, கீழேயிருந்து மேலே. சரிவில் தீ ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது நடக்காது, தாவும். புகைக்குள் பட்பட்டென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்கூட இடியைவிட உண்மையாக இருந்தது.

கயிற்றை அவிழ்த்துவிட்டு மாட்டை எழுப்பப் பார்த்தேன். வாலை முறுக்கினேன். கொம்பைப் பிடித்து இழுத்தேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் தரையில் சாய்த்தது. வயிற்றுக்குள்ளிருந்து இன்னொரு உயிர் பாதி வெளியே வந்து நிற்கும்போது நான் சொல்லி அது எங்கே ஓடும்.

கொட்டாய்க்கும் புல்லுக்கும் நடுவில் என் கொல்லை. சாமை விதைக்க உழுது போட்டிருந்தேன். வெறும் மண். தீ அதைத் தாண்டாது. பொறி தாண்டும். பொறி விழுந்தால் புல் கூரை பிடித்துக்கொள்ளும். கூரை மாட்டின் மேல் விழும். ஆகவே கூரையை எடுக்க வேண்டும். ஏணியைச் சாத்தி ஏறினேன். கட்டுக் கயிற்றை அறுத்து அறுத்துப் புல்லை வாரிக் கீழே, சரிவுக்கு எதிர்ப்பக்கம், தள்ளினேன்.

அந்த நேரம் ரோட்டில் இரண்டு பைக் வந்து நின்றது. கீழ்நாட்டுப் பையன்கள். மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள். இறங்கினார்கள். தீயை அடித்து அணைக்கத் தழை ஒடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். போனை எடுத்தார்கள்.

"அக்கா, கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக்கோங்க. நீங்க நிக்கறதுல ஃபயரு தெரியல."

நான் தள்ளவில்லை. அவர்கள் தள்ளிப் போய் எடுத்தார்கள். சூடு முகத்தில் அடித்ததும் போய்விட்டார்கள்.

கொழுந்தன் மேலே ஏறி வந்தான். புருவம் பொசுங்கியிருந்தது. கொட்டாய் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"இதோ வந்துரும் அண்ணி. பாருங்க, எப்பிடி மின்னுதுன்னு."

"மேல பாக்காத. கூரையப் பிரி."

"ஒரே ஒரு தூத்தல் விழுந்தாப் போதும்..."

"பிரிடா."

அவனை நான் டா போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. ஏறிப் பிரித்தான். பிரிக்கும்போதும் நடுநடுவே வானத்தைப் பார்த்தான். கடன் கொடுத்தவன், வாங்கியவன் வீட்டு வாசலைப் பார்ப்பதுபோல. நான் பிரித்ததில் பாதிகூட அவன் பிரிக்கவில்லை.

தீ கொல்லை ஓரம் வந்து நின்றது. பொறிகள் தலைக்கு மேலே பறந்து மாட்டின் முதுகிலும் விழுந்தன. நான் இறங்கிக் கோணிச் சாக்கை நனைத்து மாட்டின் மேல் போட்டேன். குடத்தில் இருந்த தண்ணீர் அவ்வளவுதான். அதற்குப் பிறகு கையால் தட்டினேன்.

புகைக்குள்ளேயே மாடு முக்கியது. நான் கன்றின் கால்களைப் பிடித்துக்கொண்டேன். அது முக்கும்போது இழுத்தேன், விடும்போது விட்டேன். வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கிடேரிக் கன்று. மூக்கைத் துடைத்துவிட்டேன். தும்மியது. மாடு எழுந்து நின்று, ஒன்றும் நடக்காததுபோல அதை நக்க ஆரம்பித்தது. அந்த மலையில் அன்றைக்கு உருப்படியான காரியம் செய்தது அது ஒன்றுதான்.

இடி சேர்வராயன் மலைப் பக்கம் போய்விட்டது. சரிவு முழுக்கக் கறுப்பு.

மறுநாள் காட்டிலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு முன்னாலேயே கொழுந்தன் ஊர் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டான், இடி விழுந்து பற்றிக்கொண்டது என்று. ஊரும் தலையை ஆட்டியது. அடுத்த வருஷம் வைக்கப்போகிறவர்கள் அவர்கள்.

"இடி விழுந்தத நீங்க பாத்தீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"சத்தம் கேட்டுது. விழுந்தத நான் பாக்கல."

கொழுந்தன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். முதல் தடவையாகக் கீழே பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். வந்தவர் எழுதிக்கொண்டு போனார்.

அவர் போனதும் கொழுந்தன் போசிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தான். மாடு கன்று போட்டால் சீம்பாலைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுக்காவிட்டால் மடி வற்றும் என்பார்கள்.

"பிள்ளைங்க கேக்குதுங்க அண்ணி. சீம்பாலு கொஞ்சம்..."

"கூரைய வேய்ஞ்சிட்டு வாங்கிக்க."

"புல்லு எங்கங்க இருக்குது அண்ணி? எல்லாம் எரிஞ்சு போச்சே."

"அதத்தான் நானும் கேக்கறேன். எங்க இருக்குது?"

போசியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். போய்விட்டான். பிள்ளைகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுகள் மேல் எனக்கு என்ன கோபம். அவன் வீட்டுத் திண்ணைப் பக்கம் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

மாடும் கன்றும் வெயிலில் நின்றன. சேலையைக் கட்டி நிழல் போட்டேன். கொழுந்தன் தினமும் நாலைந்து தடவை அந்த வழியாகப் போனான், வந்தான். ஒரு நாள் காலையில் ஆளைக் காணவில்லை. சாயங்காலம் பஸ் மேலிருந்து தென்னங்கீற்றுக் கட்டுகளை இறக்கினான். கீழே போய் வாங்கி வந்திருக்கிறான். தூக்கி வந்து கொட்டாய் முன்னால் போட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு போசியை நீட்டினான்.

பாலை ஊற்றினேன். உள்ளே எட்டிப் பார்த்தான்.

"வெறும் பாலாட்டம் இருக்குது. சீம்பாலு இல்லீங்களா?"

அது நின்று போய் நாளாகிவிட்டது. நான் கீற்றையும் ஏணியையும் காட்டினேன்.