எங்கே போகிறீர்கள் என்று கேட்கும் வேலை

1. முதல் கேள்வி

"எங்க போறீங்க?" என்று நான் கேட்டதும் கனகராஜ் எஞ்சினை நிறுத்தினார். படகை விட்டு இறங்கி வந்து, என் கதிரைக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, போத்தலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அக்கா, பொறப்படுற ஆளப் பாத்து எங்கன்னு கேக்கலாமா? நீங்களும் நம்ம ஆளுதானே. இது தெரியாதா?"

தெரியாமல் என்ன? நான் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். வாசலைத் தாண்டியவரை எங்கே என்று கேட்டால் போன காரியம் விளங்காது என்று கேட்டே வளர்ந்தவள். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர் புறப்படும்போது அந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் அவரும் இப்படித்தான் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். ஆனால் எனக்குக் கொடுத்திருந்த வேலையே அந்தக் கேள்வியைக் கேட்பதுதான்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். திகனப் பக்கத்து நீர்த்தேக்கத்துக்கு லீவு நாட்களில் வேன் வேனாக ஆட்கள் வருகிறார்கள். சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறார்கள். ஓரத்தில் முழங்கால் அளவுதான் இருக்கும். இரண்டு எட்டு தள்ளிப் போனால் பள்ளம். அப்படிச் சில உயிர்கள் போன பிறகு ஊரில் சிலர் சேர்ந்து, அனுமதி எடுத்து, ஒரு பைபர் படகும் அவுட்போர்ட் எஞ்சினும் வாங்கி ரோந்து போக ஆரம்பித்தார்கள். சம்பளம் கிடையாது. படகு ஓட்டுவது கனகராஜ். நீர்த்தேக்கத்தில் ஆள் ஏற்றும் படகு ஓட்டிப் பழகியவர். கூடப் போவது நளீம், திகன டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், மீன் மாதிரி நீந்துவார். கரையில் வோக்கிடோக்கியோடு உட்கார்ந்திருப்பது நான்.

என்னைக் கூட்டி வந்தது நளீம்தான். கண்டி மாநகர சபையில் தீயணைப்பு அழைப்புகள் வரும் தொலைபேசிப் பலகையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "மிஸ், எங்களுக்குக் கரையில இருந்து கேள்வி கேக்குற ஒரு ஆள் வேணும். நீங்க நல்லாக் கேப்பீங்கண்டு செல்றாங்க" என்றார். புகழ்ந்தாரா கேலி செய்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தொலைபேசிப் பலகையில் நான் படித்தது ஒன்றுதான். தீப்பிடித்தது என்று அழைப்பவர் என்ன எரிகிறது, யார் அழுகிறார்கள், யார் மேல் தப்பு என்று எல்லாவற்றையும் சொல்வார். எந்த இடம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அதனால் நாங்கள் முதலில் இடத்தைத்தான் கேட்போம். அழுகையைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். தண்ணீரில் அது இன்னும் மோசம். அங்கே தெருப்பெயரும் இல்லை, கடை போர்டும் இல்லை. இடம் தெரியாமல் ஒரு ஆளைத் தேடினால் பொழுதுதான் போகும்.

அன்றைக்குக் கனகராஜ் பதில் சொல்லாமலே போனார். திரும்பி வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோபமும் வந்தது. லைஃப் ஜாக்கெட்டைப் பட்டி இழுத்துக் கட்டுகிறார், ஆள் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மறக்காமல் கையில் மாட்டுகிறார். அவ்வளவும் சரியாகச் செய்கிற மனிதர், போகிற இடத்தைச் சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடுமாம்?

வீட்டுக்குப் போய் யோசித்தேன். சகுனம் பார்க்கிற ஆளோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. அந்தச் சகுனத்தில் பாதி என் மனதிலும் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கயிற்றை அவிழ்க்கும்போது கேள்வியைத் திருப்பிப் போட்டேன்.

"கனகராஜ், எங்கருந்து திரும்பி வருவீங்க?"

அவர் கயிற்றோடு நின்றார். போவதைப் பற்றி நான் கேட்கவில்லை. வருவதைப் பற்றிக் கேட்டேன். அதில் குற்றம் சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"மூங்கி வளைவு வரைக்கும் பாத்துட்டு, பாறை முனைப் பக்கமா வருவோம்" என்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே.

"எத்தன மணிக்கு வந்து சேருவீங்க?"

அதற்கு நளீம்தான் சொன்னார். "நாலு மணிக்கு மிஸ், இன்ஷா அல்லாஹ்."

"சரி. அல்லாஹ்கிட்ட நீங்க சொல்லுங்க. நாலு தாண்டினா பொலிசுக்கு நான் சொல்றேன்."

நளீம் சிரித்தார். கனகராஜ் சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த இரண்டு கேள்விக்கும் பதில் வந்தது.

2. பலாப்பழம்

எங்கள் ஒழுங்கு இதுதான். ரோந்து போகும்போது அரை மணிக்கு ஒரு தடவை படகிலிருந்து பேச வேண்டும். பேச்சு நின்று, சொன்ன நேரமும் தாண்டினால் கால் மணி நேரம் பொறுக்கலாம். அதற்கு மேல் பொறுக்கக் கூடாது. பொலிசுக்கும் எதிர்க்கரையில் படகு வைத்திருக்கும் மீனவர் சுனிலுக்கும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு போயா நாள், பௌர்ணமி லீவு, இரண்டும் நடந்தது. பேச்சும் இல்லை, ஆளும் இல்லை. நான் கால் மணி நேரம் பொறுத்தேன், சொன்னேன். பொலிஸ் ஜீப் வந்தது. ஜீப்பைப் பார்த்துக் குளிக்க வந்தவர்கள் எல்லாரும் கூடினார்கள். கூட்டத்தைப் பார்த்துக் கடலை வண்டிக்காரரும் வந்து சேர்ந்தார். அந்த நேரம் பார்த்துப் படகு பாறை முனையைச் சுற்றி அழகாக வந்தது. இரண்டு பேர் கையிலும் பலாச்சுளை.

எதிர்க்கரையில் தெரிந்த வீட்டில் பலாப்பழம் வெட்டியிருக்கிறார்கள், கூப்பிட்டிருக்கிறார்கள், இவர்கள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வோக்கிடோக்கி நனைந்துவிடும் என்று கனகராஜ் அதைப் பொலித்தீனில் சுற்றி, பற்றரி தீர்ந்துவிடும் என்று நிறுத்தியும் வைத்து, பெட்டிக்குள் பூட்டியிருக்கிறார். கலியாணத்துக்குக் கொடுத்த கதிரையின் உறையைப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் கழற்றாத ஆட்கள் நாம். வோக்கிடோக்கியை மட்டும் சும்மா விடுவோமா?

கூட்டம் சிரித்தது. கனகராஜுக்கு அவமானம் தாங்கவில்லை.

"நாங்க என்ன செத்தா போயிட்டோம்? நல்லா இருக்கிற மனுசனுக்கு ஜீப்பக் கூப்பிட்டிருக்கீங்களே அக்கா! ஊரு பூரா என்னையப் பாத்துச் சிரிக்குது."

"சிரிக்கட்டும். அழாம சிரிக்கிறாங்களேன்னு சந்தோசப்படுங்க."

வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர எனக்கும் கூசிப் போயிருந்தது. பொலிஸ்காரர் ஒருவர் சிங்களத்தில், "நோனா, அடுத்த முறை பலாப்பழத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். கனகராஜ் என்னோடு பேச்சை நிறுத்தினார். கேள்விக்கு மட்டும் நளீமைப் பார்த்துப் பதில் சொல்வார். எனக்கு அது வருத்தம்தான். நல்ல மனிதர். தண்ணீரில் இறங்கிய எத்தனையோ பிள்ளைகளைக் கெஞ்சியும் அதட்டியும் கரையேற்றியவர்.

3. செல்வி கொண்டு வந்த சாப்பாடு

இந்த வருஷம் காற்றுக் காலத்தில் ஒரு ஞாயிறு. காலையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மத்தியானத்துக்குப் பிறகு மலை இடுக்கிலிருந்து காற்று இறங்கியது. இந்தப் பக்கத்துக் காற்று அப்படித்தான், சொல்லிக்கொண்டு வராது. "மூங்கி வளைவிலருந்து வருவோம், மூணு மணிக்கு" என்று கனகராஜ் நளீமிடம் சொல்லி, நளீம் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

இரண்டரைக்கு வர வேண்டிய பேச்சு வரவில்லை. நான் கூப்பிட்டேன். இரைச்சல் மட்டும் வந்தது.

மூன்று மணிக்குக் கனகராஜின் மனைவி செல்வி சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். வீட்டில் ஏதோ விசேஷம், எல்லாருக்கும் பாயசம் கொண்டு வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தார்.

"இன்னும் வரல்லியா அக்கா?"

"வரல்ல. கொஞ்சம் பாப்போம்."

பார்த்தோம். தண்ணீர் சாம்பல் நிறமாகி வெள்ளை வெள்ளையாக அலை எழும்பிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் முடிந்ததும் நான் போனை எடுத்தேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க்கா. எங்கயாச்சும் கரையில ஒதுங்கியிருப்பாங்க. போன தடவையே அவரு மூணு நாளு ஒழுங்காச் சாப்பிடல்ல. இப்ப மறுபடியும் ஜீப்பு வந்துச்சுன்னா படகுப் பக்கமே வரமாட்டாரு. அதோட…" கையை இன்னும் இறுக்கினார். "நல்ல நாளும் அதுவுமா, ஒன்னும் ஆகாத மனுசனுக்கு ஆயிருச்சுன்னு நம்ம வாயால சொல்லணுமா?"

அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. என் பயமும் அதேதான். சொன்னால் நடந்துவிடுமோ என்று நானும் நினைத்தேன். கடலை வண்டிக்காரர் சிரிப்பதும் கண்ணுக்குள் வந்து போனது. இன்னும் பத்து நிமிஷம் பொறுத்தால் என்ன என்று தோன்றியது. அந்தப் பத்து நிமிஷம்தான் ஆளைக் கொல்லும் என்று பலகை வேலையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

"செல்வி, கைய விடும்மா. அவரு வந்து என்னைய ஏசட்டும். நான் கேட்டுக்கிறேன்."

முதலில் பொலிசுக்குச் சொன்னேன். அடுத்து சுனிலுக்கு, சிங்களத்தில்: "மூங்கில் வளைவு. இரண்டு பேர். பேச்சு இல்லை." சுனில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனை வைக்காமலே ஓடுவது எனக்குக் கேட்டது.

செல்வி என் காலடியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் வோக்கிடோக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தொண்டை வறண்ட பிறகும் கூப்பிட்டேன்.

சுனிலின் படகு இருவரையும் ஏற்றிக்கொண்டு வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. நளீம் உட்கார்ந்திருந்தார். கனகராஜ் படுத்திருந்தார். உதடு நீலம் பூத்து, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. செல்வி இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினார். கனகராஜ் கண் திறந்து செல்வியைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன். வெட்கப்படவில்லை.

4. நளீம் சொன்னது

ஆஸ்பத்திரியில் கனகராஜைப் போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டார் என்று டொக்டர் சொன்னார். செல்வி உள்ளே இருந்தார். நளீமும் நானும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம். நடந்ததை அவர் அங்கேதான் சொன்னார்.

வளைவில் யாரோ களவாகப் போட்டிருந்த வலை எஞ்சினில் சிக்கியிருக்கிறது. அதை வெட்ட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்பக்கம் போயிருக்கிறார்கள். ஒருவர் முன்னால் இருந்திருக்க வேண்டும். முதலில் நங்கூரம் போட்டுப் படகின் மூக்கைக் காற்றுக்குத் திருப்பியிருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டும் நடக்கவில்லை. பின்பக்கம் தாழ்ந்து, அலை ஏறி, படகு நிரம்பிக் கவிழ்ந்தது. வோக்கிடோக்கி போன இடம் தெரியவில்லை. இருவரும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள்.

"கரை கிட்டத்தான் மிஸ். மரமெல்லாம் தெளிவாத் தெரியுது. எனக்கு நீந்தத் தெரியும். அவருக்குக் குளிரு ஏறி, கை வழுக்க ஆரம்பிச்சிட்டு. நான் செல்றேன், கனகராஜ் காக்கா, வாங்க, உங்கள இழுத்துக்கிட்டு நான் நீந்துறேன், இப்பிடியே கிடந்து மவுத்தாகப் போறோமாண்டு. மனுசன் என் ஜாக்கெட்டப் புடிச்ச கைய விடல்ல. 'மணி மூணு தாண்டிருச்சு நளீம். அந்த அக்காவுக்கு வெக்கம் கெடையாது. இந்நேரம் ஊரையே கூட்டியிருக்கும். பேசாமப் புடிச்சிக்கிட்டு இரு'ண்டு திரும்பத் திரும்ப அதையே செல்றாரு. பல்லு கிட்டுது, பேச்சு வருதில்ல. அப்பவும் அதையேதான் செல்றாரு."

நளீம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வலையோட மிச்சம் முழுக்கக் கரைப் பக்கம்தான் விரிஞ்சு கிடந்திச்சாம் மிஸ். சுனில் காட்டினாரு. நான் நீந்தியிருந்தா ரெண்டு பேரும் அதுக்குள்ளதான்."

என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த மனிதர் தண்ணீரில் என்னை நம்பியிருந்திருக்கிறார்.

படகு கவிழ்ந்தால் படகை விட்டுப் போகாதே என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். கையில் எழுதிக் கொடுத்தால்கூட அது தண்ணீரில் நிற்காது. கரை கண்ணுக்குத் தெரிகிறபோது, குளிர் எலும்புக்குள் ஏறுகிறபோது, யாரும் வராமல் போனாலோ என்று ஒரு சந்தேகம் வந்தால் போதும், மனிதன் நீந்தத் தொடங்கிவிடுவான். பிடித்துக்கொண்டு காத்திருக்க அவனுக்குத் தைரியம் கொடுப்பது நாம்தான். பிந்தினால் கூப்பிடுவாள், சிரித்தாலும் கூப்பிடுவாள், பெண்டாட்டி காலில் விழுந்தாலும் கூப்பிடுவாள் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் கரையில் உட்கார வருகிற பிள்ளைகளே, பத்துத் தடவை வீணாகக் கூப்பிட்டு ஊர் சிரிக்க வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரில் இருக்கிறவர் பொறுமையாக இருக்க வேண்டுமென்றால், கரையில் இருக்கிற நாம் பொறுக்கக் கூடாது.