நான் பார்க்காத பதினான்கு வீடியோக்கள்

அந்த யோசனையைச் சொன்னவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் இன்றைக்கும் அது எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு மாதிரித்தான் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த மரியாதை வேண்டாம்.

எங்கள் பள்ளி பூனாவில், கட்கியில் இருக்கிறது. வெடிமருந்துத் தொழிற்சாலைப் பிள்ளைகளும் கன்டோன்மென்ட் பிள்ளைகளும் படிக்கிற ஆங்கில மீடியம். இருபத்தாறு வருடமாக அங்கே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கட்கி பஜாரில் கொத்தமல்லி பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு அம்மா பக்கத்தில் நிற்பவளிடம் "டென்த்வாலி மேம்", பத்தாம் வகுப்பு மேடம், என்று என்னைக் காட்டுவாள். பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. தெரிய வேண்டும் என்று நானும் நினைத்ததில்லை. அந்தப் பட்டமே எனக்குப் போதுமாக இருந்தது.

போன வருடம் பள்ளி திறந்த வாரத்தில் ஒன்பது, பத்து வகுப்புகளில் கரும்பலகையை மறைத்து ஒரு பெரிய தொடுதிரையை மாட்டினார்கள். பேனல் என்று பெயர். எங்கள் டிரஸ்டுக்குப் பூனாவிலும் சுற்றுவட்டாரத்திலும் பல பள்ளிகள், எல்லாவற்றிலும் ஒரே நாளில் மாட்டினார்கள். அன்று மாலையே பிரின்சிபால் கூட்டம் போட்டார். ஆன்லைனில் ஒரு பயிற்சி இருக்கிறது, பதினான்கு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் வீடியோ, வீடியோ முடிந்ததும் க்விஸ். தீபாவளிக்குள் முடித்துச் சான்றிதழ் வாங்காதவர்களுக்கு அடுத்த வருடம் ஒன்பது, பத்து கிடையாது. கீழ்வகுப்பு, அல்லது லைப்ரரி. லைப்ரரி என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் எனக்கு உறைத்தது. எனக்கு ரிடையராக மூன்று வருடம் இருந்தது. அந்த மூன்று வருடமும் அலமாரிச் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் தயாராக இல்லை.

முதல் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் புன்னகை மாறாமல் முப்பது நிமிடம் பேசினார். எட்டாவது நிமிடத்தில் நான் பக்கத்திலிருந்த டெஸ்ட் பேப்பர் கட்டைப் பிரித்துத் திருத்த ஆரம்பித்துவிட்டேன். முடிந்தபோது பேப்பர்கள் திருத்தியிருந்தன, வீடியோவும் பார்த்ததாகப் பதிவாகியிருந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

மறுநாள் முதல் எல்லாருடைய போனும் ஸ்டாஃப் ரூம் மேஜையில் வரிசையாக, சத்தமில்லாமல் ஓடின. ஒரே ஒரு தொந்தரவு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வீடியோ நின்று, நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா என்று கேட்கும். ஆமாம் என்று தட்ட வேண்டும். அதற்கு ஒரு டைம்டேபிள் போட்டேன். யாருக்கு எந்தப் பீரியட் ஓய்வோ அவர் போன்களைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். இருபத்திரண்டு டீச்சர்களும் இன்னும் இருக்கிறார்கள் என்று அந்தப் பீரியட்டில் சும்மா இருந்த ஒருத்தி தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டிருப்பாள். இதைவிட ஒழுங்காக எங்கள் பள்ளியில் எந்த டைம்டேபிளும் நடந்ததில்லை.

க்விஸ்தான் மிச்சம். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், மொத்த மதிப்பெண் மட்டும் சொல்லும், எது தப்பு என்று சொல்லாது. எனக்கு இது அல்வா மாதிரி. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விடையை மாற்றினால் மதிப்பெண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம். கேள்வியைப் படிக்கக்கூட வேண்டாம். பதினான்கு க்விஸுக்கும் விடைப்பட்டியல் தயாரித்து எங்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். கூடவே ஒரு எச்சரிக்கை: எல்லாரும் நூறு வாங்கினால் மாட்டிக்கொள்வோம், ஆளுக்கு ஒன்றிரண்டு வேண்டுமென்றே தப்பாகப் போடுங்கள்.

எல்லாரும் போட்டார்கள். நான் போடவில்லை. சரியான விடை தெரிந்த பிறகு தப்பைத் தொட என் விரல் போகவில்லை. கணக்கு டீச்சருக்குள்ள திமிர் என்றுதான் சொல்ல வேண்டும். பதினான்கிலும் நூறு.

தீபாவளி விடுமுறை முடிந்து வந்ததும் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். டிரஸ்டின் எல்லாப் பள்ளிகளிலும் சேர்த்து முழு மதிப்பெண் எடுத்தவள் நான் ஒருத்திதானாம். என்னை மாஸ்டர் டிரெய்னராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு நாள் கழித்து வருகிற சனிக்கிழமை ஔந்த் கிளையில் மற்றப் பள்ளிகளின் கணக்கு டீச்சர்களுக்கு நான் பேனலில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிரின்சிபால் கை கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

ஸ்டாஃப் ரூமில் சயின்ஸ் டீச்சரிடம் மட்டும் கடிதத்தைக் காட்டினேன். அவளும் தமிழ்தான், திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம், அவள் தாத்தா காலத்திலிருந்து கட்கியில் இருப்பவர்கள். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா பயமா என்று தெரியவில்லை.

"அக்கா, நீங்க ஒண்ணு ரெண்டு தப்பா போடலியா?"

"போடலை."

"ஏன்க்கா?"

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். "சரி, இப்பவாவது உக்காந்து எல்லாத்தையும் பாத்திருங்க. பன்னெண்டு நாள் இருக்குல்லா" என்றாள்.

அதுதான் சரி என்று பட்டது. அன்று மாலை வீட்டில் நோட்டு, பேனாவோடு உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிப்பவள் போல முதல் பாடத்தைத் திறந்தேன். திறக்கவில்லை. நீங்கள் இந்தப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள், வாழ்த்துகள் என்று வந்தது. கீழே ஒரே ஒரு பொத்தான், சான்றிதழை இறக்கிக்கொள்ள. எங்கே தட்டினாலும் அதே வாழ்த்துதான். சயின்ஸ் டீச்சர் போனிலும் அப்படித்தான், மற்ற எல்லார் போனிலும் அப்படித்தான். முடித்தவர்களுக்குப் பாடம் மூடிவிடுமாம். அழுகை வந்தது. இருபத்தாறு வருடத்தில் படிக்காமல் ஒருநாள்கூட வகுப்புக்குள் போனவள் இல்லை நான், இப்போது படிக்க வழியே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாகட்டில் இருக்கிற மகளைத் தேடிப் போனேன். ஹிஞ்சவாடி ஐடி பார்க்கில் வேலை, கம்ப்யூட்டர் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் யூட்யூபில் ஏதேதோ எடுத்துக் காட்டினாள். எல்லாம் வேறு பேனல், பொத்தான்கள் வேறு இடத்தில் இருந்தன. "அம்மா, நீ ஃபர்ஸ்ட் டென்ஷன் ஆகாதே. எல்லாம் சேம்தான். இங்க ப்ரெஸ் பண்ணா மெனு ஆயேகா" என்று பாதி இந்தியில் சொன்னாள். பிறகு அவளுக்குக் கால் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவள் நடந்து நடந்து பேசிக்கொண்டிருந்ததை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

பிறகு தினமும் பள்ளி விட்டதும் பத்தாம் வகுப்பில் தனியாக நின்று பழகினேன். எழுதுகிறேன், எழுதியது அழிகிறது. இரண்டு வரி எழுதித் திரும்பினால் முதல் வரி இல்லை. பேனல் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாவது நாள்தான் கண்டுபிடித்தேன். எழுதும்போது இடது உள்ளங்கையைப் பலகையில் ஊன்றிக்கொள்வது என் வழக்கம். சாக்பீஸ் காலத்துப் பழக்கம். இந்தப் பேனலில் உள்ளங்கை பட்டால் அது டஸ்டர். வலது கையால் எழுதியதை நானே இடது கையால் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பதினான்கில் எந்த வீடியோவில் இதைச் சொல்லியிருப்பார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது பிரின்சிபால் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். மென்று விழுங்காமல் சொன்னேன். போன்கள், டைம்டேபிள், விடைப்பட்டியல், எல்லாம். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னதை நான் கேக்கலை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "இருபத்திரண்டு சான்றிதழ் டிரஸ்டுக்குப் போயாச்சு. உங்களது பொய்னா மத்ததும் பொய். அப்புறம் யாருக்கும் டென்த் கிடையாது. நான் யாரை வெச்சு ஸ்கூல் நடத்தறது?" பிறகு, "அரை மணி நேரம்தானே. சமாளிச்சிடுங்க" என்றார்.

சமாளித்தேன். வட்டம் பற்றி ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, எந்த நொடியில் எந்தப் பொத்தான் என்று நாட்டியம் போல மனப்பாடம் செய்தேன். ஔந்தில் ஏசி போட்ட ஹாலில் நாற்பது டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இடது கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு வலது கையால் வட்டம் போட்டேன், கோடு போட்டேன், கலர் மாற்றினேன். ஒன்றும் அழியவில்லை. கை தட்டினார்கள். டிரஸ்டிலிருந்து வந்தவர் மேடையில் சத்தமாக "எக்ஸலண்ட்" என்றார். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றும் அவரே சொன்னார். நாற்பது தலைகளும் குனிந்துகொண்டன. அந்தக் குனிவு எனக்கு நன்றாகத் தெரியும், ஹோம்வொர்க் செய்யாத பிள்ளைகளின் குனிவு. இவர்களின் போன்களும் ஏதோ ஒரு மேஜையில் வரிசையாக ஓடியிருக்கின்றன என்று புரிந்தது. நிம்மதியாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் வந்து பாருங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அவள் வந்துவிட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், மராத்திக்காரி. சாஸ்வட் பக்கம் டிரஸ்டின் சின்னக் கிளையில் பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைத் திறந்து வைத்தாள். பதினான்கு வீடியோவிலும் சொன்ன எல்லாவற்றையும் மராத்தியில் எழுதியிருந்தாள். பொத்தான்களைப் பென்சிலால் வரைந்து, அம்புக்குறி போட்டு, தேதி போட்டு. சிலவற்றை மூன்று தடவை பார்த்தாளாம். அப்படியும் இரண்டு க்விஸில் பாஸ் ஆகவில்லை. ஆங்கிலக் கேள்விகள் அவளைச் சுற்றலில் விட்டுவிட்டன. தீபாவளிக்குள் முடிக்காதவர்களுக்கு மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருந்தார்கள்; அதற்குள் முடிக்காவிட்டால் அவளுக்குப் பத்தாம் வகுப்பு போய்விடும்.

"மேடம், ஒன்பதாவது வீடியோல சொல்றாங்களே" என்று மராத்தியில் கேட்டாள். "பிள்ளைங்க பேனல்ல பதில் போட்டா, யாருக்கு எந்தக் கணக்கு புரியலைன்னு தனித்தனியா அதுவே காட்டும்னு. அது எங்க இருக்கு? நான் தேடித் தேடிப் பார்த்துட்டேன். எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

அந்தப் பேனலுக்கு அப்படி ஒரு வேலை தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இருபத்தாறு வருடமாக நான் கட்டுக் கட்டாகப் பேப்பர் திருத்தித் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "நான் ஒரு வீடியோகூடப் பார்க்கலை" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எப்படி நூறு வாங்கினேன் என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நோட்டை மூடாமல், பேனாவை மட்டும் மூடினாள்.

அந்த நேரத்தில் அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். "விடைகள் எங்கிட்ட இருக்கு. நம்பர் கொடுங்க, அனுப்பறேன்" என்றேன். கொஞ்ச நேரம் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நம்பரைச் சொன்னாள்.

திங்கட்கிழமை அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. இரண்டும் பாஸ், நன்றி மேடம். கீழே இன்னொரு வரி: அந்தச் சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கு, வீடியோவும் மூடிடுச்சு, உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

பத்தாம் வகுப்பு என்னிடம்தான் இருக்கிறது. அவளிடமும் இருக்கிறது. யாரையாவது கேட்டுச் சொல்லலாம் என்று பேனல் கம்பெனிக்காரன் வந்த அன்று அவன் பக்கத்தில் போய் நின்றேன். "மேம், நீங்கதானே மாஸ்டர் டிரெய்னர்? உங்களுக்குத் தெரியாததா" என்று இந்தியில் சொல்லி எழுந்து நாற்காலியை எனக்குப் போட்டான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். அவளுக்கு இன்னும் பதில் போடவில்லை.