ஏரித் தண்ணீர் தூக்காது

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை மாலை. போர்ட் பிளேரின் ஏரிக்கரைப் பூங்காவில், மிதிபடகு ஏறும் வரிசையில் நிற்கிறேன். படகுகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வி தமிழ்க்காரர்தான். ஆனால் இந்தி பேசும் இந்த ஊரில் எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா; ஆண்கள் எல்லோரும் அவருக்குப் பய்யா, அண்ணன். ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட்டைத் தானே மாட்டி, வாரை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏற விடுகிறார்.

எனக்கு முன்னால், பக்கத்துக் கடலோரக் கிராமமான வண்டூர் மீனவர் ஒருவர், மகளோடு. தன் ஜாக்கெட்டைத் தள்ளிவிட்டுச் சிரிக்கிறார். “அரே தீதி, நான் தினம் கடலுக்குப் போறவன். எனக்கு எதுக்கு இது?”

“கடல் உப்புத் தண்ணி, ஆளைத் தூக்கும் பய்யா. இது நல்ல தண்ணி, அப்படித் தூக்காது. போடுங்க.”

ஜாக்கெட்டை நீட்டிய கையைத் தீதி மடக்கவே இல்லை. வரிசை முழுவதும் வேடிக்கை பார்க்கிறது. ஜாக்கெட் போட்ட மகள் படகில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிடுகிறாள். ஜாக்கெட்டை மாட்டிவிட மீனவர் கைகளைத் தூக்கிக் கொடுக்கிறார்.

என் முறை வருகிறது. “நீங்க நல்லா நீந்துவீங்களா?” என்று கேட்கிறேன்.

“நானா? தண்ணியில இறங்கினதே இல்ல.” என் வாரை இறுக்கி இழுக்கிறார் தீதி. “நீச்சல் தெரிஞ்சவங்க இங்க நின்னா, போனா போகுதுன்னு ஜாக்கெட் இல்லாமலே விட்டுருவாங்க. நான் விடமாட்டேன்.”