எனக்கு மட்டும் கேட்காத சத்தம்

என் வீட்டுக்காரருக்குப் பாம்புச் செவி என்று ஊரில் பேர். மைக் செட்காரர். மண்டபமோ, பள்ளிக்கூடமோ, மைதானமோ, மேடை போட்ட இடத்தில் எல்லாம் அவருடைய பெட்டிகள் நிற்கும். ஸ்பீக்கரில் லேசாக ஒரு இரைச்சல் வந்தால் போதும், எந்த ஒயரில் எந்த முனை லூஸ் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அதே காதுக்கு, "கேஸ் தீர்ந்து போச்சுங்க" என்று நான் சொல்வது மட்டும் கேட்காது. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நான் தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் என் மெஷின் இருக்கிறது. காலால் மிதிக்கிற பழைய மெஷின். அதற்கு நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: துணி வைக்காமல் யாரும் மிதிக்கக் கூடாது. வெறும் மெஷினை ஓட்டினால் அடியில் துணியை நகர்த்துகிற பல் தேய்ந்துவிடும். பாப்பா சின்ன வயதில் விளையாட்டாக மிதித்து என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பாப்பா எங்கள் ஒரே மகள். பதினாறு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான்.

வேலை இல்லாத மத்தியானங்களில் அவர் நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்குவார். நூல் அறுந்து நான் நிறுத்தினால் கண்ணைத் திறப்பார். "ஏன் நிறுத்திட்டே? தைச்சுக்கிட்டே இரு." இத்தனை வருஷம் கழித்தும் இந்த மனுஷனுக்கு நான் பக்கத்தில் இருந்தால்தான் தூக்கம் வருகிறதே என்று எனக்கு உள்ளூரப் பெருமை. பாப்பா அப்படியே எதிர். "இந்த டகடகவை நிறுத்தும்மா, ஒரு வரி மண்டையில ஏறல" என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள்.

சில வருஷங்களுக்கு முன்னால், பழைய வீட்டில்தான் அது ஆரம்பித்தது.

"விசில் மாதிரி ஒண்ணு கேக்குதே, உனக்குக் கேக்கலையா?" என்றார் ஒரு நாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மெல்லிசாக, நிற்காமல், ஊசி முனை மாதிரி இருக்கிறது என்றார். முதலில் ஃபிரிட்ஜைச் சந்தேகப்பட்டுப் பிளக்கைப் பிடுங்கினார். பால் கெட்டது, சத்தம் போகவில்லை. டியூப்லைட்டைக் கழற்றினார். மீட்டர் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கடைசியில் சுவர்களுக்கு வந்தார். சுவரில் காதை வைத்துக்கொண்டு பல்லி மாதிரி அறை அறையாக நகர்வார். சுவருக்குக் காது உண்டு என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். வாயும் உண்டு என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

சிரிப்பெல்லாம் ஒரு சாயங்காலத்தோடு நின்றுபோனது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மின்விசிறிகளும் டிவிகளும் ஒரே நேரத்தில் அடங்கி, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது மாதிரி இருந்தது. நான் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு வந்தேன். அவர் நடு அறையில், தலையை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"கரண்டே இல்லையே," என்றார் மெதுவாக. "இப்ப எது கத்துது?"

கேட்டது என்னையா சுவரையா என்று தெரியவில்லை. மறுநாளே, எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன ஆனார்கள் என்று மேல்வீட்டு அக்காவிடம் விசாரித்தேன். ஒரு கணக்கு வாத்தியார் குடும்பமாம், மாற்றலாகிப் போனார்களாம், எல்லோரும் சௌக்கியமாம். கணக்கு வாத்தியார் பேயாக வந்தாலும் பிரம்பால் அடிப்பாரே தவிர விசில் அடிப்பாரா? அப்படிச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து தைப்பதை விட்டுவிட்டேன்.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்? வீட்டை மாற்றினோம். சாமான்களை இறக்கி வைத்துவிட்டு லாரி ஆட்கள் போனார்கள். பாப்பா மாடியைப் பார்க்க ஓடினாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, கட்டுப்பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவே போய் நின்று தலையைச் சாய்த்தார். நான் மூச்சு விடவில்லை. அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அப்படியே வடிந்தது.

"அதுவும் நம்ம கூடவே வந்துடுச்சு," என்றார்.

அன்றைக்கு ஒவ்வொரு மூட்டையையும் பயந்து பயந்துதான் பிரித்தேன். புடவைகளை ஒவ்வொன்றாக உதறினேன். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடுவது மாதிரி ஒரு பயம் வேறு கிடையாது. டாக்டரைப் பார்க்கலாமா என்று ஒருமுறை வாயைத் திறந்தேன். "எனக்குப் பைத்தியம்னு சொல்ல வர்றியா?" என்றார். உண்மையில் அதைத்தான் சொல்ல வந்தேன். வீட்டைச் சந்தேகப்பட்டோம், முன்னால் குடியிருந்தவர்களைச் சந்தேகப்பட்டோம், அவர் புத்தியைக்கூட நான் சந்தேகப்பட்டேன். அவருடைய காதை மட்டும் யாருக்கும் சந்தேகப்படத் தோன்றவில்லை. அதுதானே எங்களுக்குச் சோறு போடுகிற காது?

பாப்பாவின் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கும் அவர்தான் மைக் செட். நாடக உடுப்புகளைத் தைத்து எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். கடைசியில் பிள்ளைகள் எல்லாம் மேடைக்கு முன்னால் ஆட ஆரம்பித்தார்கள். கடைசி வரிசையில் நின்ற எனக்கே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. "சவுண்டு பத்தல அங்கிள்!" என்று ஒரே கூச்சல். அவர் ஏற்றினார். இன்னும் ஏற்றினார். அவருக்கே பத்தவில்லை போல என்று அப்போது சாதாரணமாக நினைத்தேன். பாப்பா, அப்பா பெட்டிதானே என்கிற உரிமையில், ஆள் உயர ஸ்பீக்கர் மேலேயே சாய்ந்துகொண்டு கைதட்டிக்கொண்டிருந்தாள். எவனோ ஒருவன் மைக்கைக் கையில் பிடித்தபடி ஸ்பீக்கருக்கு முன்னால் வந்தான். பெட்டி வீலென்று அலறியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பாப்பாவும்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கத்திக் கத்திப் பேசினாள்.

"ஏண்டி இப்படிக் கத்தறே?"

"நான் எங்கம்மா கத்தறேன்? காதுல பஞ்சு வச்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

மறுநாள் காலை அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பாப்பா அறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள்.

"அப்பா, நீங்க சொல்வீங்களே ஒரு விசில்," என்றாள். "எனக்கும் கேக்குதுப்பா."

என் ஊசி விரலில் இறங்கியது. அவரோ டம்ளரை வைத்துவிட்டுத் துள்ளி எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை, பாப்பா பிறந்த அன்றைக்குக்கூட நான் பார்த்ததில்லை. "பாத்தியாடி? பாத்தியா? எனக்கொண்ணும் பைத்தியம் இல்ல. என் பொண்ணுக்கும் கேக்குது!" அவளைக் கட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. அத்தனை வருஷமும் அந்தச் சத்தத்தோடு தனியாகக் குடித்தனம் நடத்திய மனுஷன். துணை கிடைத்த சந்தோஷம்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரில் காதை வைத்தார்கள். சமையலறை, பின்கட்டு, மாடிப்படி. "இங்க?" "கேக்குது." "இங்க?" "இங்கயும் அதேதான்பா." திரும்பி வந்து நடு அறையில் நின்றார்கள். இரண்டு தலைகளும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்திருந்தன. எனக்கு அந்த அறையில் கடிகார முள் நகர்வது மட்டும்தான் கேட்டது. என் சொந்த வீட்டில், என் புருஷனும் என் மகளும் எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த மாதிரி ஒரு பயத்தை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

"எந்தப் பக்கம் அதிகமா இருக்கு? நல்லா கவனிச்சுச் சொல்லு," என்றார் அவர்.

பாப்பா கவனிப்பதற்காகக் கண்ணை மூடினாள். பிறகு, கடிகாரச் சத்தம் தொந்தரவாக இருந்ததோ என்னவோ, இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்தாள்.

"பொத்தினா இன்னும் நல்லா கேக்குதுப்பா," என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். காதைத் திறந்து வைத்தே பிழைத்த மனுஷன், அதைப் பொத்திப் பார்க்க ஒரு நாளும் நினைத்ததில்லை. மெதுவாகக் கையைத் தூக்கினார். ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்து உருண்டது. இரண்டு விரல்களையும் காதில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அப்படியே சுவரில் சாய்ந்து, சரிந்து, தரையில் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்கிற அம்மா இரண்டு பேரையும் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பார்த்தார். காதுக்குள்ளே மெல்லிய புல் மாதிரி இருக்குமாம். பெரிய சத்தம் அதை மிதித்துவிட்டுப் போகுமாம். சிலது நிமிரும், சிலது செத்துப்போகும், செத்தது முளைக்காது. அவருக்குப் போனது போனதுதான், மெல்லிசான சத்தங்கள் பல வருஷமாகவே அவருக்குக் கேட்பதில்லை, அதனால்தான் ஏற்றிக்கொண்டே போகிறார் என்றார். அந்த விசில் எங்கேயும் இல்லை, காதிலேயே பிறக்கிறது என்றும் சொன்னார்.

"பொண்ணுக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சின்ன வயசு. சில பேருக்குத் தானா அடங்கிடும். கொஞ்ச நாள் எந்தப் பெரிய சத்தமும் வேண்டாம், ஹெட்போனும் வேண்டாம். அப்புறமும் ஸ்பீக்கர்கிட்ட போனா காதுல அடைப்பான் இல்லாம போகக் கூடாது. பொறுத்துப் பாருங்க." நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் திரும்பினார். "வீடு அமைதியா இருந்தா அது பெரிசா கேக்கும்மா. பக்கத்துல மெதுவா ஏதாவது ஒரே மாதிரி ஓடிட்டு இருந்தா கொஞ்சம் அமுங்கும். அதுல தப்பில்ல."

என் மெஷின் பக்கத்தில் அவர் ஏன் தூங்கினார் என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷப் பெருமை ஒரு நொடியில் கரைந்துபோனது. கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் பாப்பாவின் முகத்தைப் பார்ப்பார். வாய் திறந்து கேட்க மாட்டார். அவள் தலையை ஆட்டுவாள், இன்னும் இருக்கிறது என்று. துணைக்கு ஆள் கிடைத்தது என்று துள்ளிய மனுஷன், பிள்ளையை விட்டுவிடு, நான் தனியாகவே இருந்துகொள்கிறேன் என்று அந்தச் சத்தத்திடமே கெஞ்சிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிற இடத்தில் ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார். பிள்ளைகள் யாரும் அதைத் தாண்டக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய பஞ்சு அடைப்பான்கள் வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தார். "அங்கிள் நர்ஸாகிட்டாரு டோய்" என்று பசங்கள் சிரித்தார்கள். பாட்டு ஆரம்பிக்கும்வரை பாப்பா சிரிக்காமல் பக்கத்தில் நின்றாள். "போட்டுக்க. நான் சொல்றேன்ல, போட்டுக்க," என்பாள். அவள் சொல்கிற தோரணையில் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு ஒரு காலை, அவர் பார்ப்பதற்கு முன்பே அவள் சொன்னாள். "போயிடுச்சுப்பா."

"என்னது?"

"விசில். எழுந்தப்ப இல்ல. சுத்தமா இல்ல."

அவர் குழந்தை மாதிரி அழுதார். தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்திச் சொன்னார். "எனக்குப் போகாதாம், போகட்டும். என் பொண்ணு தப்பிச்சுட்டா." அன்றைக்கு நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். வீட்டை விட்டு ஏதோ ஒன்று வெளியேறிப் போனது மாதிரிதான் இருந்தது.

பரீட்சை நெருங்கியது. ஒரு மத்தியானம், தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. அவர் வழக்கம்போல என் பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சீருடைச் சட்டைகளை மூட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா புத்தகத்தோடு அறையிலிருந்து வந்தாள். மாடிக்குப் போகிறாள் என்று நினைத்தேன். வந்தவள் மெஷினுக்கு அந்தப் பக்கம், என் காலடியில், தரையில் உட்கார்ந்தாள். மெஷினின் இரும்புக் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

பிள்ளை படிக்கட்டும் என்று நான் காலை எடுத்தேன். டகடக நின்றது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தலை வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"நிறுத்தாதம்மா," என்றாள். "தைச்சுக்கிட்டே இரு."

நான் அவளையே பார்த்தேன். கேட்க வாயெடுத்தேன். அவள் சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தாள். பிறகு, சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்: அப்பாகிட்ட சொல்லாதே.

நாற்காலியில் அவர் லேசாகப் புரண்டார். கண் இமைகள் அசைந்தன. நான் அவசரமாகக் காலை வைத்து மிதித்தேன். அவர் மறுபடி அடங்கினார். பாப்பா புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ஒரு சட்டை முடிந்தது, இன்னொன்று முடிந்தது. கூடையில் கையை விட்டேன். துணி தீர்ந்து போயிருந்தது.

நான் காலை எடுக்கவில்லை. வெறும் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன்.