மாலை கழற்றிய மறுநாள்

என் அண்ணனைச் சாமி என்று கூப்பிடச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் எப்பேர்ப்பட்ட சாமி என்று எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வயதிலேயே குடித்துக் குடித்துக் காமாலையில் விழுந்தவன். இனி ஒருமுறை தொட்டால் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

அம்மா நடவுக்குப் போகிறவள். நாளெல்லாம் அவனைக் காவல் காக்க முடியாது. ஆஸ்பத்திரி மாத்திரையை வேளை தவறாமல் விழுங்க வைத்தாள். அது போதாதென்று ஐயப்பனுக்கு மாலையும் போட்டுவிட்டாள். மாலை போட்டவனிடம் எங்கள் ஊரில் எந்தக் குடிகாரனும் கிளாஸை நீட்டமாட்டான். மூன்றாவது படித்துக்கொண்டிருந்த என்னையும் அவள் விடவில்லை.

"அவன் போற எடமெல்லாம் நீயும் போவணும். சாமி சாமின்னு சத்தமா கூப்ட்டுக்கினே இரு. வாய மூடிக்கினு வந்தே, தோல உரிச்சிடுவேன்."

என் நொண்டி விளையாட்டு போயிற்று. விரதம் என்று வீட்டில் கருவாட்டுக் குழம்பும் நின்றுபோயிற்று. எல்லாம் இவனால்தான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஏரிக்கரை மதகின்மேல் உட்கார்ந்திருக்கும் அவனுடைய கூட்டாளிகள், நான் "சாமி, பாத்து நட சாமி" என்று கத்தியதும் பாட்டிலைப் பின்னால் மறைத்துக்கொண்டு கும்பிடுவார்கள். எனக்கே அந்தக் கும்பிடு என்று தலைகால் புரியாது.

மலைக்குப் போய் வந்ததும் மாலை கழன்றது. மறுநாள் சாயங்காலம் மாத்திரை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் மதகு வழியாகத் திரும்பினோம்.

"மச்சான், அதான் மாலய கழட்டிட்டியே, வாடா" என்றான் ஒருவன்.

அண்ணன் நின்றுவிட்டான். என் கையை இறுகப் பிடித்தான். குனிந்து, "சாமின்னு கூப்புடு" என்றான்.

"மாலையே இல்ல, நீ இன்னா சாமி? கண்ணக் குத்திடும்."

"ஒரே ஒரு தபா, கூப்புடு."

மரியாதை ருசித்துப்போய்விட்டது இவனுக்கு என்று நினைத்தேன். கூட்டாளிகள் முன்னால் மானத்தை வாங்கிவிடுவது என்று முடிவுகட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்: "சாமீ, வூட்டுக்கு வா சாமீ, அம்மா கருவாட்டுக் கொழம்பு வச்சிக்கினு கீது!"

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர்கள் பக்கம் திரும்பாமல், என்னை இழுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தான். வீட்டு வாசல் வரைக்கும் கையை விடவே இல்லை.

கை சிவந்துவிட்டது என்று அழுதுகொண்டே, நடந்ததையெல்லாம் அம்மாவிடம் ஒப்பித்தேன். அவனுக்கு நாலு அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மாவோ என் விரல்களை நீவிவிட்டு, குழம்பில் கிடந்த பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள்.

"நாளைக்கும் கூடப் போ. அதே மாரி கூப்புடு" என்றாள்.

மாலையைத்தான் கழற்றியாயிற்றே, இன்னும் எனக்கு எதற்கு இந்தத் தண்டனை என்று அன்று ராத்திரி தூங்கும்வரை அழுதேன்.